வியாழக்கிழமைப் பெட்டி

ஏ, நில்லு! நில்லுன்னு சொல்லுதேன்லா! எங்க ஓடுத? படியெல்லாம் மழை ஈரம், உருண்டுராத… ம்ம், ஆப்புட்டுக்கிட்டியா? பெல்லை அடிச்சுட்டு நீ ஓடுததுக்கு முன்னால கதவைத் தொறந்துட்டேன் பாத்தியா? அரை மணி நேரமா இந்தக் கதவுக்குப் பின்னாலயே நிக்கேன், முழங்காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. இங்கன வா. இந்தப் பெட்டிய நீதான வச்ச? எடு. எடுத்துட்டுப் போ. இது எங்க வீட்டுக்கு இல்ல. அட்ரஸ் மாறி வந்திருக்கு.

என்ன முழிக்க? தமிழ்ப் பிள்ளைதான நீ? பேரென்ன… ஹம்சாவா? எந்த ஊரு… மெட்ராஸா. சரி, அதுக்கு நீ என்ன செய்வ. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, உனக்கு எச்-ஃபோர் விசா, வேலை பாக்கப்படாது, இந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்ல நாள் பூரா சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா கோட்டி புடிக்கும். அதான் அந்த யூதக் கோயில்ல வாலண்டியர் பண்ணப் போயிட்ட. நானும் அப்படிப் போனவதான். எம்பேரு காந்திமதி. கேள்விப்பட்டிருப்பியே?… இல்லையா? ஆறு வருசம் அந்த அடுக்களையில கெடந்திருக்கேன், ஒருத்தருமா எம்பேரைச் சொல்லல! நல்லா இருக்கு நியாயம்.

சத்தத்தக் கொறை… நீ எங்க பேசுன, நான்தான் கத்துதேன். உள்ள எங்க வீட்டுக்காரவ படுத்திருக்காவ. வழக்கமா வியாழக்கிழமை இந்நேரம் வாக்கிங் போயிருவாவ, இன்னைக்கு மழைன்னு போகல. அவியளுக்கு இந்தப் பெட்டி விசயம் தெரியாது, பாத்துக்கோ. நான் கூப்பன் வெட்டி சாமான் வாங்கிட்டு வாரேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ. தானம் வாங்கித் திங்கோம்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட அவியளுக்குச் சோறு எறங்காது. டெக்சாஸ்ல எங்க அண்ணன் இருக்கான். பாசத்துல ஒரு செக்கு அனுப்புனான். கவரைக்கூடப் பிரிக்கல மனுசன், அப்படியே திருப்பி அனுப்பிட்டாவ. அண்ணன் இப்பம் எங்கூடப் பேசுதது இல்ல. பாத்துக்கோ, செக்கும் போச்சு, அண்ணனும் போனான்.

என்ன ஆச்சுன்னு கேக்கியா? கேக்கல… கேக்கலன்னாலும் சொல்லுதேன். வேலை போச்சு. எல்லாருக்கும்தான் போகுது இந்த வருசம், ஊரே ஏதோ டாட்காம் டாட்காம்னு ஒப்பாரி வைக்கி. நல்ல கம்பெனி, நல்ல வேலை. ஒரு மத்தியானம் கூப்பிட்டு, கையில ஒரு அட்டைப்பெட்டியக் குடுத்து, மேசையில இருக்க சாமானையெல்லாம் அள்ளிக்கோன்னு சொல்லி, செக்யூரிட்டிக்காரன் ஒருத்தன் கார் வரைக்கும் கூடவே வந்து விட்டானாம். அவிய என்ன கம்பெனிய மடிச்சு இடுப்புலயா சொருகிட்டு வந்துருவாவ? அன்னைலேர்ந்து எனக்கு அட்டைப்பெட்டின்னாலே வயித்தெரிச்சல். அந்தக் காரையும் வித்தாச்சு, அதோட நான் அந்த அடுக்களைக்குப் போறதும் நின்னு போச்சு. இப்பம் நீ ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்க.

அந்த அடுக்களையில நான் யாருன்னு தெரியுமா உனக்கு? பால் சாமானும் கறிச் சாமானும் அங்க ஒண்ணோட ஒண்ணு சேரப்படாதுல்லா? தனிச் சட்டி, தனிக் கரண்டி, கழுவுத தொட்டிகூடத் தனி. புதுசா வந்த வாலண்டியர் எல்லாம் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பாவ. நான் திருநெல்வேலி சைவ வீட்டுப் பொம்பளை, எனக்குச் சொல்லியா தரணும்? ஒரே நாள்ல புடிச்சுக்கிட்டேன். கமிட்டிக்காரரு ஒருத்தரு, ஸ்டூவர்ட்டு, சீஸ் வெட்டுன கத்தியோட கோழிப் பக்கம் வந்தாரு. கையில ஒரு தட்டு தட்டுனேன் பாரு, கத்தி போயி அந்தாக்குல விழுந்துது. அவிய குருக்களு இருக்காருல்லா, ரபி, அவரே சிரிச்சுட்டாரு. 'காந்தி, நீ எங்களவிடக் கொடுமையா இருக்கியே'ன்னாரு. காந்தின்னுதான் கூப்பிடுவாவ. மதி அவிய வாயில நொழையாது.

அங்க ஒரு வழக்கம் பாத்தியா… ம்ம், உனக்குந்தான் சொல்லிருப்பாவளே. குடுக்கவன் மூஞ்சி வாங்குதவனுக்குத் தெரியப்படாது, வாங்குதவன் மூஞ்சி குடுக்கவனுக்குத் தெரியப்படாது. பெட்டியில கோயில் பேருகூடக் கெடையாது. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா அவியளுக்கு ஓய்வு நாளு, அதுக்கு முன்ன எல்லா வீட்டுலயும் சாப்பாடு இருக்கணும், அதனால வியாழக்கிழமையே போயி வச்சு, பெல்லை அடிச்சுட்டு ஓடிரணும். மொத மொத கேட்டப்பம் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துது. தானம் பண்ணுதியளா களவாங்குதியளான்னு கேட்டேன். நம்ம கோயில்ல இப்படி நடக்குமா? ஒரு எவர்சில்வர் அண்டா குடுத்தா அதுல பேரு, இனிஷியலு, பி.எச்.டி., அதை எந்த யுனிவர்சிட்டியில வாங்குனாரு, அம்புட்டையும் வெட்டிருக்கணும். அண்டாவுல புளியோதரை இருக்கோ இல்லையோ, வரிசையில நிக்கவனுக்குப் படிக்க விசயம் இருக்கும். ஏன், நானே ஒரு தூக்குச்சட்டி குடுத்தேன், பேரு வெட்டித்தான் குடுத்தேன். பொய் சொல்லப்படாது.

ஆனா ஓடி ஓடி வச்சேன் பாத்துக்கோ. இதே முழங்காலோட. மாடியேறி, பெல்லை அடிச்சு, ஓடிவந்து காருக்குள்ள குனிஞ்சு உக்காந்துக்கிடுவேன். கதவு தொறக்க சத்தம் கேக்கும். யாரோ பெட்டிய உள்ள இழுக்க சத்தம் கேக்கும். அப்பம் மனசு நெறைஞ்சு போகும்ளா, சொன்னா உனக்குப் புரியாது. அந்தப் பக்கம் நின்னு பெட்டிய இழுத்தாத்தான் தெரியுது, அது எம்புட்டுக் கனம்னு.

ஆமா, இழுத்தேன்! மூணு வாரமா இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்! போதுமா? பொறவு என்ன செய்யச் சொல்லுத, வாசல்ல விட்டா எதுத்த வீட்டுக்காரி பாப்பால்லா? அதுக்குள்ள என்ன வைக்கிய தெரியுமா? டூனா மீனு! டப்பா டப்பாவா! சைவ வீட்டுல மீனு! குப்பையில போடலாம்னா சாப்பாட்டுச் சாமானாச்சே, மனசு வரல. பட்டுச்சேலைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். எங்கம்மா எடுத்துக் குடுத்த அரக்குச் சேலைக்குக் கீழ மீன் டப்பா! அப்பறம் அந்த ரொட்டி, சடை பின்னுன மாதிரி இருக்குமே. அதுல முட்டை. அந்த ரொட்டியச் செய்யுத மாவைப் பெசஞ்சதே நான்தான ஆறு வருசமா, எனக்குத் தெரியாதா? அதையும் எங்க வீட்டுக்காரவ ஒண்ணும் கேக்காம தின்னுட்டாவ. ருசியா இருக்குன்னு வேற சொன்னாவ. நான் வாயே தொறக்கல.

இப்பம் நான் கேக்கேன், எங்க வீட்டுல கஷ்டம்னு யாரு போயிச் சொன்னது? நான் சொல்லல. அவிய சொல்ல மாட்டாவ. வேற யாருக்குத் தெரியும்? ரூத்துக்கு! ரூத்தைத் தெரியும்லா, வெள்ளை முடி, ரிட்டயர்டு டீச்சரு, கழுத்துல கண்ணாடிய மாட்டிக்கிட்டு அதையே தேடிக்கிட்டு இருப்பா. அவதான் என்னை மொத மொத அந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனவ. வாஷிங் மெஷின் ரூம்ல நான் அழுதுக்கிட்டு நின்னேன், இந்த ஊருக்கு வந்த புதுசு. எதுக்கு அழுதன்னு ஒரு வார்த்தை கேக்கல. 'உனக்கு உருளைக்கிழங்கு சீவத் தெரியுமா'ன்னு மட்டும் கேட்டா. அப்படி ஒரு சிநேகிதி. இந்த ஊர்ல எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

மொதப் பெட்டி வந்த அன்னைக்கு அவளுக்கு ஃபோனப் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். என் மானத்தைக் கூறு போட்டு வித்துட்டியேன்னு கேட்டேன். அடுத்த நாளே அடிக்க மழையில இந்தா, நீ நிக்க இதே எடத்துல வந்து நின்னா. கோட்டுலேர்ந்து தண்ணி சொட்டுது. 'நான் உன்னப் பத்தி யாருகிட்டயும் சொல்லல, காந்தி'ன்னா. அப்பம் வேற யாரு சொன்னான்னு கேட்டேன். அதுக்கு வாயத் தொறக்கல, கீழ குனிஞ்சுக்கிட்டா. கள்ளி! தெரிஞ்சுக்கிட்டே முழுங்குதா பாருன்னு வந்துது கோவம். படார்னு சாத்திட்டேன் கதவை. அவ கையி நசுங்கிருக்கும், தப்பிச்சுக்கிட்டா. அதோட சரி. ரெண்டு மூணு வாட்டி ஃபோன் அடிச்சா, எடுக்கல. மனுசரை நம்பவேபடாதும்மா, நான் சொல்லுதேன் கேட்டுக்கோ, நீயும் அவகிட்டச் சூதானமா இரு…

ஷ்ஷ்! முழிச்சுட்டாவ. என்னங்க? ஒண்ணுமில்ல, பக்கத்து பில்டிங் பிள்ளை, சும்மா பேசிக்கிட்டு… என்ன கேட்டிய? கேக்கல… சத்தமாச் சொல்லுங்க.

பெட்டி வந்துட்டுதான்னா கேக்கிய?

எந்தப் பெட்டி?… உங்களுக்கு எப்படி… என்னது? நீங்களா? நீங்களா ஃபோன் பண்ணுனிய? எதுக்கு?… எனக்காகவா? நான் என்ன கேட்டேன், எனக்கு என்ன கொறை… அதெல்லாம் நான் சாப்பிட்டேனே. ஆமா, அடுக்களையிலயே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டேன். சட்டியப் பாத்தியளா? எதுக்கு நீங்க சட்டியத் தொறந்து பாக்கிய? ஆம்பளைக்கு அடுக்களையில என்ன சோலி?…

கேட்டியாளா ஹம்சா கூத்தை? அப்பம் வியாழக்கிழமை வியாழக்கிழமை நடக்கப் போனது?… நான் பெட்டிய உள்ள இழுக்கட்டும்னு வெளிய போனாவளாம்! அடப் பாவி மனுசா! அண்ணன் செக்கைத் திருப்புன ஆளு. ஒரு பல்பை மாத்தச் சொன்னா மாசக்கணக்கா மாத்தாத ஆளு. ஃபோன் போட்டு, இங்கிலீஷ்ல, எம்பொண்டாட்டி பட்டினி கெடக்கான்னு ஒரு மூணாம் மனுசிகிட்ட…

யாருகிட்ட? என்னங்க, ஃபோன எடுத்தது யாரு?

ரூத்து.

ஆமா, அவதான எடுப்பா. பெட்டி வேணும்னு கூப்பிடுத நம்பரே அவ வீட்டு நம்பருதான. அப்பம் அவளுக்குத் தெரியும். இங்கன நனைஞ்சுக்கிட்டு நின்னப்பவும் தெரியும். உம்புருசன்தான் கேட்டாருன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கதவைச் சாத்திருப்பேனா? எங்கிட்ட அம்புட்டு ஏச்சு வாங்கிருப்பாளா? சொல்லலையே! ஏன் சொல்லல? ரூலு! கேட்டது யாருன்னு சொல்லப்படாது, கட்டுன பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லப்படாது. எந்த மூதி போட்டுச்சு அந்த ரூலை? நான்தான்! நான்தான் அந்தக் கமிட்டியில மேசையத் தட்டிச் சொன்னேன். எங்க ஆம்பளைய தனக்குன்னு கேக்க மாட்டாவ, பொண்டாட்டிக்குன்னா ஒளிஞ்சு மறைஞ்சு கேப்பாவ, அது வெளிய தெரிஞ்சா செத்துப் போயிருவாவன்னு. சரின்னு மொதக் கையத் தூக்குனவ ரூத்து.

கூறுகெட்ட முண்டம். அவள இல்லளா, என்னையச் சொல்லுதேன்.

ஏ, எங்க நழுவுத? சாவிய எடுத்துட்டியா? இரு, செருப்ப மாட்டிக்கிடுதேன். நானும் வாரேன். ரூத்து இப்பம் அந்த அடுக்களையிலதான் இருப்பா. மன்னிப்பு கேக்கதெல்லாம் எனக்கு வராது, தமிழ்லயும் வராது இங்கிலீஷ்லயும் வராது. போயி அவ பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கேன். யாரு அழுதாலும் வெங்காயம்னு நெனச்சுக்கிடுவாவ.

என்னங்க, நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். எந்திரிச்சு வந்து பெட்டிய உள்ள எடுத்து வைங்க.