ஊரில் யாருக்கும் இல்லாத பேர்

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை தூங்கியது. மூத்தவள் கம்பெனி யூனிபார்மில் இருந்தாள்.

“இந்தப் பேரு நம்ம ஜில்லாவுலயே ஒருத்திக்கும் கெடையாதுக்கா. ஔரேலியா. லத்தீன் பேரு” என்றாள் இளையவள்.

“பூச்சி மருந்து மாதிரி இருக்குதுடி. மொதப் பொண்ணுக்கு மாமியா பேருதான வெப்பாங்க? தங்கம்மான்னு வெச்சிட்டுப் போயேன்.”

“வெச்சா அப்புறம் புள்ளைய எப்பிடித் திட்டறது? ‘அடியே தங்கம்மா’ன்னு ஒருவாட்டி கத்தினாப் போதும், அந்தம்மா சோறு திங்காம படுத்துக்கும்.”

“அதுக்காக ரோமாபுரி வரைக்கும் போவணுமா? சரி, அர்த்தம் என்ன?”

“அதெல்லாம் பாக்கல. கேக்க நல்லா இருந்துச்சு.”

மூத்தவள் செல்போனில் தேடினாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“தங்கம்னு அர்த்தமாம்டி! அந்தக் காலத்துல அங்க பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு வெப்பாங்களாம். எங்க சுத்தியும் ஒம் மாமியா மடியிலதான் வந்து உழுந்திருக்க.”

இளையவள் முகம் சுருங்கிவிட்டது. “ஞாயித்துக்கெழம பேரு வெக்கறோம். கேக்குல எழுதக்கூட சொல்லியாச்சுக்கா.”

குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு லத்தீன் தெரியாதுல்ல?”

“அதுக்குத் தமிழே தகராறு. வீட்டுல தெலுங்குதான பேசுது?”

இளையவள் முகம் மலர்ந்தது. தூங்கும் குழந்தையைப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒத்திகை பார்த்தாள்.

“அடியே ஔரேலியா! எருமமாடே!”