பட்டியலில் இல்லாத நாடு

— இல்லாத நாட்டுலயா எங்கம்மா குடியிருக்காங்க? நல்லாத் தேடுங்க, ரேட்டோ!

— தேடிட்டேன், வ்யோசா மேடம். போன வாரம்தான் எங்க பேங்க் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் மாத்தினாங்க. நாட்டுப் பட்டியல்ல கொசோவோ விட்டுப் போச்சு.

— பேங்க் கோடு கொடுத்தேனே?

— ஸ்விஃப்ட் கோடு சரிதான். நடுவுல உங்க நாட்டுக்கான எக்ஸ், கே ரெண்டு எழுத்தையும் ஏத்துக்கிச்சு. கீழ இருக்கிற நாட்டுக் கட்டம்தான் மறுக்குது.

— கோடுல இருக்கோம், கட்டத்துல இல்லையா? இங்க ஸ்விட்சர்லாந்துல, இதே விண்டர்தூர்ல என் சம்பளத்துல வரி பிடிக்கும்போது மட்டும் யாரும் என் நாட்டைத் தேடல! ஸ்க்ரீனைத் திருப்புங்க இந்தப் பக்கம்... பட்டியல்ல ‘பூவே தீவு’ன்னு ஒண்ணு இருக்கே? அது எங்க இருக்கு?

— தெற்குக் கடல்ல. வெறும் பனிதான். ஆளுங்க கிடையாது.

— பெங்குயினுக்குப் பணம் அனுப்பலாம், என் அண்ணன் மகனுக்கு அனுப்பக் கூடாது! வயிறு எரியுதுய்யா. பெஸார் எங்க தலைநகர் பிரிஷ்டினா ஆஸ்பத்திரியில கிடக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா நெஞ்சு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க. தள்ளினா தாங்க மாட்டான்னு டாக்டரே சொல்லிட்டார்.

— உங்க ஊர் பஸ் டிரைவர்கிட்ட கவர் கொடுத்து விடுவீங்களே?

— பஸ் சனிக்கிழமைதான் கிளம்பும். சரி, இதை எப்போ சரி பண்ணுவீங்க?

— தலைமை ஆபீஸ்ல மூணு வாரம் ஆகும்னாங்க. ஆனா ஒரு வழி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. முன்ன நீங்க செர்பியாவுக்குக் கீழதானே இருந்தீங்க, கட்டத்துல செர்பியான்னு போட்டா இப்பவே போயிடும்.

— வாயை மூடுங்க! அந்தப் பேர் எங்க மேல வேணாம்னு சண்டைக்குப் போனவன்தான் எங்கண்ணன் அகிம். பிணத்தைக்கூடக் கண்ணுல காட்டல. பெஸார் அப்போ வயித்துல. அவன் பிள்ளைக்கு நான் அந்தப் பேரைப் போட்டு அனுப்பணுமா?

— வெறும் கட்டம்தானே, மேடம்.

— வெறும் கட்டமா! உங்க வீட்டுல யாருய்யா செத்தா?

— ...மன்னிச்சிடுங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

— எங்கம்மாகிட்டயா? அந்தப் பேரைச் சொன்னாலே காறித் துப்புவாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே வாங்கிக் கட்டிக்கோங்க... அம்மா! பேங்க்ல இருக்கேன். நம்ம நாடே இவங்க பட்டியல்ல இல்லையாம். செர்பியான்னு போட்டாத்தான் பெஸாருக்குப் பணம் வருமாம். கேட்டியா இந்த அநியாயத்தை? அம்மா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்டி. அந்தப் பேருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாச்சு. அவன் பிள்ளையையும் கொடுக்கச் சொல்றியா? அந்தப் பேரையே போடச் சொல்லு.