அந்த மூலையைப் பெருக்காதீர்கள்

வெயிலையும் வேலையையும் ஒருசேர ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புமிகு கல்வி அலுவலர் அவர்களே. பள்ளியைத் தன் வீடாகவும், வீட்டைத் தூங்குவதற்கு மட்டுமான இடமாகவும் வைத்திருக்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மா அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே. பிள்ளைகளின் சட்டையில் படிந்த சேற்றைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்த, ஆனால் வாய் ஓயாத, என் அன்புத் தாய்மார்களே. என்னோடு பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருக்கும், இந்த விழாவின் உண்மையான நாயகர்களான மாணவச் செல்வங்களே. உங்கள் அனைவரையும் கைகூப்பி, தலைதாழ்த்தி, மனம் நிறைந்து வணங்குகிறேன்.

பின்னாலிருந்து யாரோ "சுருக்கமா பேசுங்க சார்" என்கிறீர்கள். கேட்டது ஐயா, காது நன்றாகத்தான் இருக்கிறது. நான் இந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். விசில் என் கழுத்தில்தான் தொங்குகிறது. ஆட்டம் எப்போது முடியும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் நுழைந்தபோது பார்த்திருப்பீர்கள். வழியெல்லாம் பெருக்கியிருக்கிறோம். மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியிருக்கிறோம். மைதானத்தில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. ஆனால் அதோ, அந்த வடக்கு மூலையில் மட்டும் காய்ந்த சருகும், கலங்கிய தண்ணீரும், பச்சைப் பாசியும் அப்படியே கிடக்கின்றன. "இவ்வளவு செய்தவர்கள் அதை மட்டும் ஏன் விட்டார்கள்? ஆள் கிடைக்கவில்லையா? அக்கறை இல்லையா?" என்று முகம் சுளித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. சுளித்த முகங்களை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அந்த மூலை ஒரு காலத்தில் என்னுடைய ராஜ்ஜியம். நீளம் தாண்டுவதற்கான மணற்குழி அது. ஓடிவந்து, உந்தி எழுந்து, உயரே பறந்து, மணலில் வந்து விழும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த குழி. போன மழைக்காலத்தில் பெய்த மழை மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. அடியில் இருந்தது களிமண். தண்ணீர் தங்கிவிட்டது. வடித்துவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். குழியைச் சுற்றி ஆறாம் வகுப்பே உட்கார்ந்திருந்தது. தவளை முட்டையிட்டிருக்கிறதாம். "சார், பொரிஞ்சப்புறம் வடிச்சுக்கலாம் சார்" என்றார்கள். சரி, பொரியட்டும் என்று திரும்பினேன். பொரிந்தது. "சார், கால் முளைச்சப்புறம் சார்" என்றார்கள். கால் முளைத்தது. அதற்குள் தட்டான் வந்து முட்டையிட்டுவிட்டது. என் குழி போனது போனதுதான். இன்றுவரை என் பிள்ளைகள் நீளம் தாண்டப் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குத்தான் ஓடுகிறார்கள்.

சிரிக்கிறீர்கள். பறிகொடுத்தவனுக்குத்தானே வலி தெரியும்?

எங்கள் அறிவியல் ஆசிரியை, அதோ தூண் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்களே, அவர்கள் இதைப் பார்த்தார்கள். கரும்பலகையில் தவளை வரைந்துகொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு, வகுப்பையே குழிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாரத்தில் ஒரு பாடவேளை வெளியில்தான். தொட்டுப் பார், முகர்ந்து பார், அள்ளிப் பார், திரும்ப அதே இடத்தில் விடு. இதுதான் பாடம், இதுவேதான் பரீட்சை. மண்புழுவைக் கண்டால் அலறிய பிள்ளை மண்புழுவுக்கு வழிவிட்டு நடந்தது. பூச்சியைக் கண்டால் மிதித்த கால், பூச்சிக்காக நின்றது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் குழிக்கரையில் வாய் மூடவில்லை. அவர்களில் ஒரு பெண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கேள்விக்குறி. அவள் கேட்காத கேள்வி கிடையாது. "சார், நீங்க விசில் ஊதுறது தவளைக்குத் தொந்தரவா இருக்காதா?" என்று என்னையே கேட்டவள்.

ஆனால் அன்பர்களே, கல் விழாத குளம் எங்கே இருக்கிறது? கேள்விக்குறியின் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் அப்பா தையல்காரர். கடை பள்ளிக்கு எதிரிலேயே. பிள்ளை சுருண்டு கிடப்பதைப் பார்த்த தகப்பன் என்ன செய்வார்? "பள்ளிக்கூடத்துக் குழியில கொசு உற்பத்தியாகுது. மூடுங்க" என்று மேலிடத்துக்கு மனு கொடுத்துவிட்டார். தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் மனுவோடு நிற்காமல் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் இப்போது இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, தலையைக் குனியாதீங்க. கதையில உங்களுக்கு நல்ல பங்கு இருக்கு.

மனு போனது. பதில் வந்தது. இதோ தலைமை தாங்கும் நம் அலுவலர் அவர்கள், அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். கொசு இருந்தால் குழி மூடப்படும். குழி மூடப்பட்டால் வெளி வகுப்பும் அதோடு முடிந்துவிடும். அறிவியல் ஆசிரியை அன்று மதியம் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தொடாமலே மூடினார்கள்.

இங்கேதான் எங்கள் செல்வங்கள் ஒரு காரியம் செய்தார்கள். உலகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியம். அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வோம்? பெருக்குவோம். கழுவுவோம். துடைப்போம். அதைத்தானே ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குக் காட்டி வந்திருக்கிறோம்? சனிக்கிழமை. ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார்கள். நான் பந்தயத்துக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டீச்சர் திரும்பி வந்ததும் ஆச்சரியப்பட வேண்டும் என்று, ஆறாம் வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்தக் குழியைச் சுத்தம் செய்துவிட்டது.

சுத்தம் என்றால் சாதாரணச் சுத்தமா? கலங்கல் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, பாசியைச் சுரண்டி, கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினார்கள். தலைப்பிரட்டைகளை மட்டும் பத்திரமாக வாளியில் எடுத்து வைத்திருந்து, புதுத் தண்ணீரில் விட்டார்கள். இறைத்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்று, என் விளையாட்டு அறைக்குப் பின்னால் கிடந்த பழைய சிமெண்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் குழி கண்ணாடி மாதிரி பளபளத்தது. தலைப்பிரட்டைகள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் மருந்து நமக்கு நல்லது, அவற்றுக்கு நஞ்சு. அந்தப் பிள்ளைகள் அழுத அழுகையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆசிரியை திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "அழுது முடிச்சிட்டு வந்து பாருங்க. தினமும் பாருங்க. என்ன மாறுதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார்கள். அவ்வளவுதான்.

பார்த்தார்கள். புதன்கிழமை அந்தச் சுத்தமான தண்ணீரில் என்னவோ நெளிந்தது. கொசுப்புழு. ஆமாம் பெரியோர்களே, கொசுப்புழுவேதான். மனு கொடுத்தபோது அந்தக் குழியில் இல்லாத கொசு, மனுவை விசாரிக்க அலுவலர் வரப்போகும் வாரத்தில் வந்து குடியேறியிருந்தது.

அன்றைக்கு நான் வேறொரு கோபத்தில் இருந்தேன். என் அறைக்குப் பின்னாலிருந்து ஒரே நாற்றம். "எவன்டா இங்க சேத்தைக் கொட்டினது?" என்று கத்தினேன். கேள்விக்குறி வந்தாள். "நாங்கதான் சார். அள்ளிடுறோம் சார்" என்று தொட்டிக்குள் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. "சார், சத்தம் போடாதீங்க. உயிரோட இருக்கு."

சேற்றுக்குள் தட்டான் குஞ்சுகள். தட்டான் பறப்பதற்கு முன்னால் தண்ணீருக்குள் வாழும் அல்லவா, அந்தக் குஞ்சுகள். பிள்ளைகள் குப்பை என்று கொட்டியதற்குள் ஒளிந்துகொண்டு பிழைத்திருந்தன. அந்த நாற்றம் பிடித்த தண்ணீரை வகுப்பே மாற்றி மாற்றி வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளிப் பார்த்தது. அதில் ஒரு கொசுப்புழு கூட இல்லை.

மறுநாள் அலுவலர் வருகிறார். காலையிலேயே தலைமையாசிரியை அம்மா கையில் ஒரு எண்ணெய் டின்னோடு வந்தார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "கொஞ்சம் ஊத்தினா புழு எல்லாம் செத்துடும். அவர் வரும்போது தண்ணி சுத்தமா இருக்கும். யாருக்கும் தெரியாது. வகுப்பும் பிழைக்கும்" என்றார்கள். வகுப்பின் மேல் இருந்த பாசத்தால் சொன்னார்கள். ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் கேள்விக்குறியைப் பார்த்தார்கள்.

அவள் கேட்டாள்: "எண்ணெய் ஊத்திட்டா, தொட்டியில இருக்கிற குஞ்சுங்க திரும்பி எங்க மிஸ் போகும்?"

தலைமையாசிரியை அம்மா அந்த டின்னைக் கீழே வைத்தார்கள். ஒரு பள்ளியை நடத்துவது என்றால் என்ன என்பதை, குனிந்து அந்த டின்னைக் கீழே வைத்த அந்தக் கையில் நான் பார்த்தேன்.

அலுவலர் வந்தார்கள். மனு கொடுத்த தையல்காரர் அண்ணனும் கூடவே வந்தார். குழியைப் பார்த்ததும் அலுவலருக்கு முகம் மலர்ந்தது. "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றார்கள். அத்தோடு விட்டிருந்தால் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஐயா, மன்னிக்க வேண்டும், உண்மையைத்தானே சொல்கிறேன்? அலுவலர் தலையாட்டுகிறார்கள், நன்றி.

கேள்விக்குறி முன்னால் வந்தாள். "சார், சுத்தமா இருக்கு. ஆனா கொசு இருக்கு" என்று கிண்ணத்தில் அள்ளிக் காட்டினாள். தையல்காரர் அண்ணன், "பார்த்தீங்களா சார், நான் சொன்னேன்ல" என்றார். சொல்லிவிட்டார், ஆனால் அவர் குரலில் ஜெயித்த குரல் இல்லை. எதிரில் நின்றது அவர் பெற்ற மகள்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்து, "இன்னொண்ணும் பாருப்பா" என்று தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலுவலர் பின்னாலேயே போனார்கள். நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனோம். சேற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளினாள். அதில் கிண்ணத்துக் கொசுப்புழுக்களை ஊற்றினாள். "கொஞ்ச நேரம் அசையாம நில்லுங்க" என்று அலுவலருக்கே உத்தரவு போட்டாள். நின்றார்கள். குனிந்தார்கள். பிறகு கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் குந்தியே உட்கார்ந்துவிட்டார்கள். சேற்றிலிருந்து ஒரு குஞ்சு மெல்ல நகர்ந்தது. நின்றது. சட்டென்று தாடையை நீட்டியது. ஒரு புழுவைக் காணோம். அடுத்தது. அதையும் காணோம்.

கேள்விக்குறி நிமிர்ந்து சொன்னாள். "இதுங்க இருந்தவரைக்கும் கொசு இல்ல சார். நாங்க சுத்தம் பண்றோம்னு இதுங்களை வெளிய எடுத்துட்டோம். தப்பு எங்க மேலதான். குழி மேல இல்ல."

அலுவலர் கேட்டார்கள்: "சரி, குழியை மூடலைன்னா இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"திரும்ப அழுக்காக்கணும் சார்."

கைதட்டுங்கள் தாய்மார்களே, தட்டுங்கள். என் பணிக்காலத்தில் ஓட்டத்தில், பந்தயத்தில், எத்தனையோ கோப்பைகளை இந்தப் பிள்ளைகள் என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக ஒரு கோப்பையும் இல்லை.

இதை எந்தப் புத்தகம் கற்றுக்கொடுத்தது? எந்தத் தேர்வு கேட்டது? தப்புச் செய்யவும் இடம் வேண்டும், செய்த தப்பைக் கண்ணால் பார்க்கவும் இடம் வேண்டும், பார்த்ததை மறைக்காமல் சொல்லும் மனம் வளரவும் இடம் வேண்டும். நான்கு சுவருக்குள் அந்த இடம் இல்லை. அது மண்ணில் இருக்கிறது. மழையில் இருக்கிறது. மரத்தடியில் இருக்கிறது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற மூலையில் இருக்கிறது.

அன்றைக்கு அலுவலர் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். எழுந்து, வேப்பமரத்தடிக்குப் போய், இரண்டு கையாலும் சருகை அள்ளி வந்து, பளபளத்த அந்தக் குழியில் போட்டார்கள். "இது போதுமாம்மா?" என்று கேட்டார்கள். "சேறும் வேணும் சார்" என்றாள். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியிலிருந்து குழிக்கு வாளி சுமந்தார்கள் அவர்கள். கூடவே சுமந்தவர் யார் தெரியுமா? மனு கொடுத்த தையல்காரர் அண்ணன்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. அடுத்த வாரம், மூங்கில் குச்சியும் கம்பி வளையமும் வைத்து, வகுப்பில் ஆளுக்கு ஒன்று என்று, தண்ணீரில் உயிர்களை நோகாமல் அள்ளிப் பார்க்கும் கைவலைகள் தைத்துக் கொண்டுவந்தார். என்ன துணி என்று தொட்டுப் பார்த்தேன். மகனுக்காக வாங்கிவைத்திருந்த கொசுவலை. "பையன் நல்லாயிட்டான் சார். இனிமே இது இங்க இருக்கட்டும்" என்றார். அண்ணே, இப்பவாவது எழுந்து நில்லுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.

இன்று இந்த வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்திலும் வாரம் ஒரு பாடவேளை வெளியில்தான் நடக்க வேண்டும் என்று ஆணை பிறந்திருக்கிறது. அந்த ஆணையை இதே மேடையில் அலுவலர் அவர்கள் படிக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு பெருக்கலும் சுண்ணாம்பும்.

காலையில் விழாவுக்காகப் பெருக்க ஆட்கள் வந்தார்கள். பெருக்கிக்கொண்டே வடக்கு மூலைக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பிவிட்டார்கள். குழியைச் சுற்றி ஆறாம் வகுப்பு கைகோத்து உட்கார்ந்திருந்தது. நடுவில் கேள்விக்குறி. "அக்கா, இதைப் பெருக்காதீங்க. இங்க ஆள் இருக்கு."

ஆள் இருக்கிறது அன்பர்களே. அந்த மூலையில் ஆள் இருக்கிறது. என் மணற்குழி போனதே என்று இனி ஒருநாளும் வருந்த மாட்டேன். இந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்று எந்த ஊரிலும், எந்த மேடையிலும், நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், நடுவில் கொட்டாவி விட்டவர்களுக்கும் சேர்த்து என் நன்றி. போகும்போது எல்லோரும் அந்த மூலைப் பக்கமாகவே போங்கள். மெல்ல நடந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். தவளைக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதால், முடிவு விசிலை இன்று ஊதாமலே விடைபெறுகிறேன். வணக்கம்.