பூசைக்கு ஊற்றிய தண்ணீர்

டுப். டுப். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி டுப். லாரியில் பத்தொன்பது பேர் குப்புறக் கிடக்கிறோம். "தலையக் குனிங்க! குனிங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்துகிறார். குண்டு விழும்போதும் அவருக்கு அந்த 'ங்க' போகாது. 1990 ஆகஸ்ட். ஈராக் படை நுழைந்த குவைத். நான் ஒரு வீட்டில் சமையல் வேலை. அவர் பம்பு மெக்கானிக். பெரியநாயக்கன்பாளையத்தில் கற்ற தொழில்.

இரண்டு நாள் ஓடியது லாரி. ஈராக்கைத் தாண்டி, ஜோர்டான் எல்லையில் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. கம்பி வேலி. அந்தப் பக்கம் விடவில்லை. சுற்றிலும் சரளை மண். ஒரு மரம் இல்லை. இரண்டு இரும்புக் கம்பி நட்டு என் நூல் சேலையைக் கட்டினோம். அதுதான் வீடு. நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பகலில் தோல் வெடித்தது. இருட்டியதும் குளிரில் நடுக்கம்.

தண்ணீர் லாரி காலையில் ஒருமுறை வரும். ஹாரன் மூன்று தரம். உடனே அடிதடி. இவர் கேனோடு ஓரமாக நிற்பார். முந்துகிறவர்களுக்கு வழி விடுவார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவி மனுசன், இங்கே யாருக்கு மரியாதை? நானே உள்ளே நுழைந்து பார்த்தேன். முழங்கையால் குத்தித் தள்ளினார்கள். ஐந்தாம் நாள் எங்களிடம் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர்.

அன்று பள்ளத்தில் ஒரு புதரைப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. வேரில் பச்சை. அவர் அப்பா கொடுமுடிப் பக்கம் கிணறு வெட்டியவர். இங்கே ஆழம் போனால் ஊற்று வரும் என்றார் இவர். யாரோ விட்டுப்போன மண்வெட்டி கிடைத்தது. நானும் நம்பினேன்.

"ஏனுங்க, பூசை போடாம வெட்டாதீங்க."

சொன்னவள் நான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பூசை போடாமல் கிணற்றுக்கு முதல் வெட்டு விழாது. கற்பூரம் இல்லை. தேங்காய் இல்லை. டம்ளரில் பாதியை மண்ணில் ஊற்றிக் கும்பிட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மீதியை என்னிடம் நீட்டினார். நான் குடித்துவிட்டேன்.

வெட்டினார். உச்சி வெயில். இடுப்பளவு. நெஞ்சளவு. வெட்டின கிணற்றைப் பாதியில் விட்டால் ஊர் சிரிக்கும் என்று வளர்ந்தவர். மேலே வரச் சொல்லி அழுதேன்.

"இன்னும் ஒரு மொழம் அம்மணி. ஈரம் தட்டுது."

அது அவர் வியர்வை. பிறகு வியர்வையும் நின்றது. மண்வெட்டிச் சத்தம் நின்றது. நாலு பேர் வந்து தூக்கினார்கள். அவர்களிடமும் தண்ணீர் இல்லை. பொழுது சாயும்போது என் மடியில் போய்விட்டார். அதே குழியில்தான் வைத்தோம். வேறு குழி வெட்ட யாருக்கும் தெம்பில்லை.

ஏழாம் நாள் வேலி திறந்தது. பட்டியல் எழுத வந்த அதிகாரி எண்ணினார். வந்தது பத்தொன்பது. போவது பதினெட்டு. குறைந்தவர் பெயர் கேட்டார். லாரியில் வந்தவர்களுக்கு அவர் வெறும் கோயமுத்தூர்க்காரர். நான் கட்டினவர் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வேன்.

மருதாசலம் என்றேன். சத்தம் வரவில்லை. பேனாவோடு காத்திருந்தார். மறுபடி சொன்னேன்.