எக்ஸிட்ல நிக்கிறவன்

— டேய், கையை எடு. மவுஸ் என்கிட்ட இருக்கட்டும். கேம்ல கொடுத்த எல்லாப் பாயின்ட்டையும் அந்த ஒரே திறமையிலயே கொண்டுபோய்க் கொட்டிட்டியா?

— எல்லாம் இல்லண்ணே, பாதிதான். எப்பவும் போடுறதுதானே. வாசல் மறிக்கிறது.

— வாசல் மறிக்கிறது! அதாவது நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு எக்ஸிட்டுக்கு ஓடணும், நீ பின்னாடி நின்னு குண்டு வாங்கணும். நான் வெளியேறுவேன், நீ உள்ளயே சாவே. இதுக்குப் பேரு பில்டாடா?

— கேம்தானேண்ணே. செத்தா மறுபடி உள்ள போயிக்கிறலாம்.

— செத்தாக் கையில இருக்கிற அம்புட்டும் போயிரும்ல. துப்பாக்கி, கவசம், மருந்து, எல்லாம். போன சீசன் பூரா நீ தொலைச்ச துப்பாக்கிய வச்சு ஒரு கடையே போட்டிருக்கலாம்.

— உன் மூட்டை வெளியே வந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு.

— வந்துச்சு.

— அப்புறம் என்ன? சாமான் வந்து சேந்தாச் சரி.

— சரி இல்லடா. இங்க பாரு, புதுச் சீசன். எல்லாருக்கும் பாயின்ட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கான். ஒரு தடவை பூட்டிட்டா சீசன் முடியிற வரைக்கும் மாத்த முடியாது. லாஜிக்கா யோசிக்கணும். முதல்ல இதுல போடு.

— எதுல? ‘தானா எந்திரிக்கிறது’லயா?

— ஆமா. அடிபட்டு விழுந்தேன்னா யாரும் வராட்டியும் நீயா எந்திரிச்சுக்கிறலாம்.

— அது ஒத்தையா ஆடுறவனுக்குண்ணே. நம்ம ரெண்டு பேரா ஆடுறோம். நான் விழுந்தா நீ வந்து தூக்குவே.

— நான் வராட்டி?

— நீ ஏன் வராமப் போறே?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் வராட்டி?

— அண்ணே, தேவகோட்டையில நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெரியப்பச்சி எனக்குன்னே ஃபைபர் இழுத்துட்டாக. மாடி ரூமுக்குப் புது மேசை, சுத்துற நாற்காலி. நீ பெங்களூர்ல இருந்து ஆடு, நான் அங்கிட்டு இருந்து ஆடுறேன். இதுவரைக்கும் அப்படித்தானே ஆடினோம்?

— நான் நெட்டைப் பத்தியாடா பேசுறேன்?

— இல்ல. தெரியும்.

— தெரிஞ்சா ஏன் நெட்டுக்குப் போறே?

— வேற எங்குட்டுப் போறது? விடிஞ்சா விசேஷம். கீழ சமையல்காரவுக அடுப்பு மூட்டிட்டாக. இப்பப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?

— என் ஆபீஸ்ல ஒருத்தன்கிட்டச் சொன்னேன்டா. என் தம்பியப் பெரியப்பா வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கிறாக, தத்து எடுக்கிறாக, லீவு வேணும்னு. தம்பிக்கு என்ன வயசு, ரெண்டா மூணான்னு கேட்டான். இருபத்தஞ்சுன்னேன். சிரிக்கிறான்.

— நம்ம பக்கம் கல்யாண வயசுலயும் கூட்டுவாகன்னு சொல்ல வேண்டியதுதானே. ஒரே கோயில் பங்காளி வீடா இருக்கணும், பிள்ளையில்லாத வீடா இருக்கணும், அம்புட்டுத்தான்னு.

— சொன்னேன். “அப்போ அதுக்கப்புறம் அவன் உனக்குத் தம்பி இல்லையா?”ன்னான்.

— நீ என்ன சொன்னே?

— மீட்டிங் இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். டாய்லெட்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன்.

— அட கிறுக்கு அண்ணே! பெரியப்பச்சியும் பெரியாத்தாளும் சடங்குல மஞ்சள் நீர் குடிச்சதும் நீ டேய்னு கூப்பிட்டாத் திரும்பாமப் போயிருவேனா?

— என் கல்யாணப் பத்திரிகையில உன் பேரு பங்காளி வரிசையில வரும்டா.

— வரட்டும். பந்தி பரிமாற நான்தானே வருவேன்? எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்.

— எல்லாத்தையும் சிரிச்சுத் தள்ளிரு. சின்னதுல இருந்தே இதான் உன் பழக்கம். யாரு எதைக் கேட்டாலும் சரி, சரி, சரி. கீழ என்ன சத்தம்?

— ஆத்தா கூப்பிட்டாக. “நாச்சியப்பன் காபி குடிச்சானா?”ன்னு கேக்குறாக. குடிச்சே தானே? “குடிச்சிட்டான் ஆத்தா!” என்னைய இலைக்கட்டு வந்துருச்சான்னு பாக்கச் சொல்றாக.

— பாத்தியா?

— பாத்துட்டேன்னு சொல்லியிருக்கேன். போகும்போது பாத்துக்கிறலாம். நீ பில்டைச் சொல்லு.

— நீ முதல்ல இதைச் சொல்லு. உன்கிட்டக் கேட்டப்போ மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாருடா உன்னையக் கட்டாயப்படுத்தப் போறா?

— பெரியாத்தா பாவம்ணே. பெரியப்பச்சிக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. அம்மாம்பெரிய வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டா மத்தவுகளுக்குக் காது கேக்காது. யாராச்சும் ஒருத்தன் வேணும்ல?

— அந்த ஒருத்தன் நீயாத்தான் இருக்கணுமா?

— இருந்தா என்ன? எனக்கு என்ன, இங்க ஹோட்டல்ல வெள்ளைக்காரனுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். அதை அங்கிட்டு இருந்தும் பஸ் ஏறி வந்து கொடுக்கலாம்.

— உனக்கு ராத்திரி பெத்த ஆத்தா இருமுற சத்தம் கேக்காட்டித் தூக்கம் வராதுடா. காலேஜு ஹாஸ்டல்ல சேத்துவிட்டா ஒரு வாரத்துல பெட்டியோட வந்து நின்னவன் நீ.

— அது அப்போ. சின்னப் பய.

— இப்போ பெரிய மனுஷனாக்கும்?

— சும்மா இருண்ணே. உன்னுதைக் காட்டு. என்னையவே நோண்டுறியே, நீ என்ன போட்டிருக்கே? தள்ளு, நான் பாக்குறேன்.

— பாரு.

— என்னண்ணே இது! எடை தூக்குறதுல ஒண்ணுமே இல்ல. ஓடுறதுலயும் இல்ல. பூராத்தையும் வாசல் மறிக்கிறதுல போட்டு வச்சிருக்கே?

— ஆமா.

— ரெண்டு பேரும் எக்ஸிட்ல நின்னு மறிச்சா மூட்டைய யாரு தூக்கிட்டு வெளியேறுறது?

— நீ.

— எனக்கு ஓடத் தெரியாதுண்ணே.

— பழகிக்க.

— விளையாடாதே. பழையபடி மாத்து. பூட்டிட்டியா?

— பூட்டிட்டேன்.

— ஏண்ணே! சீசன் பூரா இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? உனக்கு ஒரு இடத்துல நிக்கவே வராதே. சத்தம் கேட்டா முதல்ல ஓடுறவன் நீ.

— இனிமே நிப்பேன். கார்த்தி, மூஞ்சிய இங்குட்டுத் திருப்பு. ஸ்கிரீனைப் பாக்காதே, என்னையப் பாரு. காலையில நம்ம அப்பச்சிகிட்டப் பேசிட்டேன்.

— என்ன பேசினே?

— நாளைக்கு மணையில உக்காரப் போறது நீ இல்ல. நான்.

— அண்ணே...

— குறுக்கே பேசாதே. வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு என் மேனேஜர் சொல்லிட்டான். தேவகோட்டையில இருந்து பாத்தா என்ன, பெங்களூர்ல இருந்து பாத்தா என்ன? நான் வெளியே இருந்து பழகினவன். நீ இங்கயே ஆத்தாகூட இரு. போதும்டா நீ எனக்காக உள்ள கிடந்து செத்தது.

— அப்பச்சி என்ன சொன்னாக?

— நான் சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு அங்குட்டுப் போயிட்டாக. எனக்கும் அது விளங்கலை. பெரியப்பச்சிக்குப் போன் பண்ணினேன். அவுக தயங்குவாகன்னு நினைச்சேன். உடனே சரின்னுட்டாக. சந்தோஷத்துல அழுகுறாகடா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

— ஆத்தாகிட்டச் சொல்லிட்டியா?

— இன்னும் இல்ல. இந்தா, இப்பக் கீழ போய்ச் சொல்லப் போறேன். சந்தோஷப்படுவாக. கடைக்குட்டிய அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?

— வேணாம்ணே. போகாதே.

— ஏன்டா? கையை விடு. என்னடா இது, அழுகுறியா?

— எனக்கு வருத்தமே இல்லண்ணே, சத்தியமா இல்ல. ஆத்தாளையும் தப்பா நினைக்காதே. பெரியப்பச்சி முதல்ல வந்து கேட்டது உன்னையத்தான். கேட்டுட்டுப் போனதுல இருந்து ஆத்தா சோத்தைத் தொடலை, சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டாக. நான் பக்கத்துல போய் உக்காந்து, “அண்ணன் வேணாம் ஆத்தா, நான் போறேன்”னு சொன்னேன். எந்திரிச்சு உக்காந்து, தட்டை எடுத்துட்டு வாடான்னு சொல்லி வயிறாரச் சாப்பிட்டாக.