அட்டையில் செய்த வீடு

— அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வைடா. அதெல்லாம் அப்புறம் அடுக்கிக்கலாம். மொதல்ல எனக்குப் பதில் சொல்லு.

— மெதுவாப் பேசுக்கா. பக்கத்து ரூம்ல கல்வி ஆபீசர் இருக்காரு.

— இருந்தா இருக்கட்டும். இந்த ஒரு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ என்னை “டீச்சர், டீச்சர்”னு கூப்பிட்ட. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு “சொல்லுங்க சார்”னேன். மூக்கு ஒழுகினா என் பாவாடையில தொடைச்சவன் நீ. உன்னைப் போய் சார்னு கூப்பிட்டேன் பாரு.

— அது வந்து... வகுப்பறையை எப்படி அமைக்கிறதுன்னு பயிற்சி குடுக்கிறவன் நான். கூடப்பிறந்த அக்கான்னு தெரிஞ்சா மத்த டீச்சருங்க என்ன நினைப்பாங்க? சலுகை காட்டுறான்னு சொல்ல மாட்டாங்களா?

— நீ காட்டின சலுகைதான் தெரியுதே. இந்தக் கூட்டத்துல ரெண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, மத்த பள்ளிக்கூடங்களுக்கும் போய் இதையெல்லாம் சொல்லிக் குடுக்க அனுப்பப் போறீங்க. யாரைப் போட்டிருக்க?

— சின்ன டீச்சரை. அப்புறம் அது வந்து... கணக்கு வாத்தியாரை.

— யாரு, அட்டைக்குப் பசை தடவச் சொன்னா சட்டைக் கையை மேசையோட சேர்த்து ஒட்டிக்கிட்டாரே, அவரா?

— டெக்னிக்கலாப் பார்த்தா அவர் குடுத்த வேலையை எல்லாம் முடிச்சிருக்காருக்கா.

— வகுப்பறை செய்யச் சொன்னப்போ கதவு வைக்க மறந்துட்டு, “பிள்ளைங்க வெளிய ஓடாது சார்”னு சொன்ன மனுஷன்டா அவரு!

— சிரிக்க வைக்காதே. கொஞ்சம் உக்காரேன். மூஞ்சியே வாடிக் கிடக்கு.

— உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்கு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அப்பாவைத் துடைச்சு, துணி மாத்தி, புரட்டிப் படுக்க வச்சு, பக்கத்து வீட்டம்மா கையில காலுல விழுந்து “பார்த்துக்கோங்க”ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடி வரேன். இங்க வந்தா நீ கத்தியைக் குடுத்து, நேரா வெட்டுங்கங்கிற. சாயங்காலம் போனா மறுபடி மொதல்லேர்ந்து. என்னமோ போ.

— அதான்க்கா நானும் யோசிச்சேன். ஏற்கெனவே இப்படி அல்லாடுற. இதுல ஊர் ஊராப் போறதுன்னா...

— நான் ஏன் போகணும்னு கேக்குறேன்னு உனக்குத் தெரியுமா? நீ மொதல் நாள் என்ன சொன்ன? உங்க வகுப்புல முட்டி போட்டு, ஒரு பிள்ளை உசரத்துலேர்ந்து சுத்திப் பாருங்கன்னு சொன்னியா?

— சொன்னேன். எல்லா டீச்சருக்கும் சொல்றதுதான்.

— மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் போட்டேன். என் ரெண்டாம் வகுப்புல, பிள்ளைங்க முன்னாடி, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு முட்டி போட்டேன். ஜன்னல்ல வானம்கூடத் தெரியலடா. வெறும் சுவரு. கரும்பலகையில கீழ்ப் பாதி, முன்னாடி இருக்கிற பையன் தலையில மறைஞ்சு போகுது. இத்தனை வருஷமா “மேல பார்த்து எழுது, எழுது”ன்னு அடிச்சுத் தொலைச்சிருக்கேன். எந்திரிக்க முடியாம, ஆயாம்மா வந்துதான் தூக்கி விட்டாங்க.

— இதை நீ பயிற்சியில சொல்லவே இல்லையே?

— அழுகை வந்துடும்னு சொல்லல. மறுநாள் பிள்ளைங்களை விட்டே கையால முழம் போட்டு வகுப்பை அளக்கச் சொன்னேன். பெஞ்சையெல்லாம் அதுங்களே வளைச்சுப் போட்டு ஒரு படம் வரைஞ்சுதுங்க. அதுபடிதான் இப்போ போட்டிருக்கோம். பேசவே பேசாத ஒரு பொண்ணு வந்து, “டீச்சர், எங்களுக்கும் எட்டுற மாதிரி பலகையை இறக்கி மாட்டலாமா”ன்னு கேக்குது. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலையைச் செஞ்சுட்டு நல்லாத் தூங்கினேன்டா. அதான் கேக்குறேன். என்னை ஏன் போடல?

— அக்கா...

— டெக்னிக்கலா எல்லாம் வேண்டாம். நேராச் சொல்லு.

— நீ பாட்டுக்கு வாரத்துல பாதி நாள் வெளியூர் போயிட்டா, அப்பாவை யாரு பார்த்துப்பா?

— இதைக் கேக்குறது சாரா, தம்பியா?

— ரெண்டு பேரும்தான்னு வச்சுக்கோயேன்.

— அப்போ அந்த சார்கிட்ட சொல்லு, கணக்கு வாத்தியார் வீட்டுல யாராவது படுத்திருக்காங்களான்னு அவர்கிட்ட கேக்கலையே, என்கிட்ட மட்டும் ஏன் கேக்குறீங்கன்னு.

— கோபப்படாதேக்கா. என் நிலைமையும் பாரு. நான் இருக்கிறது மூணாவது மாடி. என் பொண்டாட்டியும் வேலைக்குப் போறா. லிஃப்ட் கிடையாது. அவரை எப்படித் தூக்கிட்டு ஏறுறது?

— ஊருக்கெல்லாம் கட்டடம் வரைஞ்சு குடுக்கிற ஆளு, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில குடியிருக்க.

— கிண்டல் பண்ணு.

— கிண்டல் இல்லடா. எனக்குக் கிண்டல் பண்ணக்கூடத் தெம்பில்ல. உன் வாயாலேயே சொல்லிட்ட, அது போதும். விளக்கை அணைச்சுட்டு வா. பஸ்ஸு போயிடும்.

— இரு. அக்கா, இரு. போகாதே.

— என்ன?

— நான் பண்ணினது தப்புதான். ஆபீசர் இன்னும் கிளம்பல. இப்பவே போய்ச் சொல்லி, கணக்கு வாத்தியாருக்குப் பதிலா உன் பேரைப் போடச் சொல்றேன். சும்மா சொன்னா கேக்க மாட்டாரு, செஞ்சதைக் காட்டணும். கடைசி வேலைக்கு நீ அட்டையில செஞ்ச வீடு இருக்குல்ல, அதைக் குடு.

— அது... நான் சரியா முடிக்கல. வேண்டாம். பிள்ளைங்க அளந்து வரைஞ்ச படத்தைக் காட்டு.

— அட, குடுக்கா. துணியைப் போட்டு ஏன் மூடி வச்சிருக்க? நான் மார்க் போடுறப்போகூட ஓரமாத்தான் பார்க்க விட்ட.

— டேய், பார்த்து. சுவரு சரியா ஒட்டல.

— நம்ம வீடுதானே இது? கூடத்துக்கும் முன் ரூமுக்கும் நடுவுல இருந்த சுவரை எடுத்துட்டியா! நல்ல வேலை பண்ணின. இனிமே அந்த இருட்டு இருக்காது. ஜன்னலையும் இறக்கி வச்சிருக்க. இது என்ன, சாய்வா?

— சக்கர நாற்காலி ஏற. வாசப்படியை எடுத்துட்டேன்.

— பிரமாதம்க்கா. நெஜமாவே சொல்றேன். இங்க உனக்கு ஒரு மேசை. இது அலமாரி, இது பாத்ரூம், கைப்பிடியெல்லாம் கம்பியில வளைச்சு... ஆமா, அப்பா கட்டில் எங்க?

— இல்ல.

— இல்லைன்னா? விழுந்துடுச்சா?

— விழல. இதுல அவர் கட்டில் இல்ல. துணியைப் போட்டு மூடுடா, போலாம்.

— பசை தடவின அடையாளம் இருக்கே ஜன்னலோரமா. ஒட்டிட்டு எடுத்திருக்க. அக்கா, அட்டையில கூடவா அவருக்கு ஒரு இடம் குடுக்க முடியல உனக்கு? நீ அலுத்துப் போயிட்டன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த அளவுக்கு அலுத்துப் போயிருப்பன்னு நான் நினைக்கல.

— பேசி முடிச்சிட்டியா?

— வேற என்ன சொல்லச் சொல்ற?

— வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கேட்டுத்தான் செய்யணும்னு சொன்ன. கேட்டேன். தீக்குச்சியில கட்டில் செஞ்சு, ஜன்னலோரமா ஒட்டி, வீட்டை அப்பா மடியில வச்சு, “இங்க படுத்துக்கிறீங்களா, தெரு தெரியும்”னு கேட்டேன்.

— அவருக்குத்தான் பேச்சே வராதே.

— இடது கை வருதே. அதால மெதுவா அந்தக் கட்டிலைப் பிச்சு எடுத்தாரு. நடுங்கித் தட்டி விட்டுட்டாருன்னு நினைச்சு மறுபடியும் ஒட்டினேன். மறுபடியும் பிச்சாரு. பிச்சு, என் உள்ளங்கையில வச்சு, விரலை மடக்கி விட்டாரு.

— உன்மேல கோபமா?

— கோபம் இல்லடா. என் தலையைத் தடவினாரு. தடவிட்டு, சுவத்துல மாட்டியிருக்கு பாரு, நீ பட்டம் வாங்கின போட்டோ, அதைக் கையால காட்டினாரு. உன்கிட்ட எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாம, அன்னைலேர்ந்து பர்ஸுக்குள்ளயே வச்சுக்கிட்டுச் சுத்துறேன். இந்தா, கையை நீட்டு. அப்பாவோட கட்டில்.