வெள்ளிக்கிழமைகளில் நிற்கும் ரவுட்டர்

பெயர்: தாரிகா கிஷாந்த். வயது: 36. முகவரி: வெள்ளவத்தை, கொழும்பு 6. தொழில்: தனியார் இணையச் சேவை நிறுவனமொன்றின் தொழினுட்ப அலுவலர். நான் கேட்டுக்கொண்டபடி இவ்வாக்குமூலம் தமிழில் எழுதப்படுகிறது.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எந்த ரவுட்டரைப் பொருத்துவது என்று தீர்மானிப்பது எனது வேலை. மலிவு என்பதற்காக நான் எதையும் எடுப்பதில்லை. தகரக் கூரைக்குக் கீழும் அது கொதிக்கக் கூடாது, மின்சாரம் போய் வந்தால் தானாகவே எழும்ப வேண்டும், பொருத்தியவன் திரும்பிப் போகத் தேவையில்லாமல் கிடக்க வேண்டும். பல மாதம் சோதித்து அப்படியொன்றைத் தெரிவு செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கொட்டாஞ்சேனையில் பாத்திரக் கடை நடத்தும் திருமதி நாச்சம்மை எங்கள் வாடிக்கையாளர். அவருடைய மகன் முத்து டொரன்டோவில் இருந்தபடி, இந்த ரவுட்டர் வழியாகக் கடையின் கமராவைத் தொலைபேசியில் பார்ப்பவர். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான எங்கள் பணியாளர் அர்ஷாத். வேறெங்கும் நிற்காத ரவுட்டர் அந்தக் கடையில் மட்டும் வெள்ளிக்கிழமை மாலைகளில் நின்றது. அர்ஷாத் போவார், சரியாகிவிடும். காரணம் கேட்டால், "நிண்டுச்சு மேடம், போட்டுட்டேன்" என்பார். எனக்கு எரிச்சல் வந்தது. ரவுட்டரை மாற்றிக் கொடுத்தேன், அதன் பின்னரும் நின்றது.

அதன் பின்னர் முத்து பொலிசில் முறைப்பாடு செய்தார். வெள்ளிதோறும் கமரா இருண்டுபோவதாகவும், படம் திரும்ப வரும்போது முதலில் தெரிவது அர்ஷாத்தின் முகம் என்றும், சென்ற வெள்ளி அலுமாரியிலிருந்த வெள்ளிக் குத்துவிளக்கு காணாமற்போனது என்றும் அதில் கூறியிருந்தார். தாயார் பயந்துவிடுவார் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை அர்ஷாத் கைது செய்யப்பட்டார். நாளை நீதவான் அவரை விளக்கமறியலில் வைத்தால் வேலையும் போகும் என்று எங்கள் முகாமையாளர் சொல்லிவிட்டார். அர்ஷாத்தின் மனைவி ஜெஸீமா என்னை அழைத்து, "அவர் வாயே தொறக்கிறார் இல்ல மேடம்" என்று அழுதார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதன் பின்னர், பழுது எனது ரவுட்டரிலா என்று கண்ணால் பார்த்துவிட, வெள்ளிக்கிழமையான இன்று மாலை அந்தக் கடைக்குப் போனேன். நாச்சம்மைக்குக் கைது விடயம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. "சித்த இரும்மா, வெளக்கேத்திடுறேன்" என்று சொல்லி, சாமித் தட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரே பிளக்கிலிருந்து எனது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, சாமிப் படங்களைச் சுற்றியிருந்த வண்ண பல்ப் மாலையைச் செருகிக் கும்பிட்டார். மல்டிபிளக் ஒன்று போட்டிருக்கலாமே என்றேன். "கம்பெனி சட்டம், கூடாதுன்னு அர்ஷாத் தம்பி சொல்லிடுச்சே" என்றார். அந்தச் சட்டத்தை எழுதியவள் நான்தான். மல்டிபிளக்கில் எரிந்த ரவுட்டர்களை நிறையப் பார்த்தவள் நான்.

அதன் பின்னர், பூசை முடிந்ததே, மாலையைக் கழற்றலாமா என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார். "எண்ணெ வெளக்குன்னா ஒரு பூவால அமத்தி மலையேத்திடுவேன். கரண்டு வெளக்கை எப்படிம்மா மலையேத்துறது? ஏத்துன கையால புடுங்கலாமா? அர்ஷாத் தம்பி வந்து எடுத்துவிடும்." மின்னொழுக்குக்குப் பயந்து அந்தப் பழைய மாலையை எறியச் சொன்ன மகனுக்கு இது தெரியக்கூடாது என்று அர்ஷாத்திடம் வாக்கு வாங்கியிருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வாக்குக்காகத்தான் அந்த மனிதர் இங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்.

குத்துவிளக்கைப் பற்றிக் கேட்டேன். "போன வெள்ளி சாயந்தரம் கல்யாணச் சீருக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. வித்த சாமான் அலமாரியிலயா இருக்கும்?" என்றார். வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். அதை ஒப்படைக்கிறேன்.

அதன் பின்னர் கைதைப் பற்றிச் சொன்னேன். அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்து, என் முன்னாலேயே, "கமரா இருட்டா இருக்கா? நாந்தான்டா இருட்டாக்குனேன், ஒவ்வொரு வெள்ளியும் நாந்தான்" என்றார். நான் பிளக்கில் கை வைத்தபோது தடுத்தார். "நீயும் வெளக்கேத்துற பொண்ணு, வேணாம். அந்தப் புள்ளை வர்ற வரைக்கும் எரியட்டும். அவன் மொகத்தைப் பாத்த பொறவு முத்து கடையைப் பாக்கட்டும்."

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு என்னுடன் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அர்ஷாத் இல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டாராம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தாரிகா கிஷாந்த்